காவலும் ஓம்பலும்: முதியோர் இல்லப் பாதுகாப்பு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

முதுமை மனித வாழ்வின் இயல்பான பருவம். அப்பருவத்தில் பிறர் துணையை நாடி வாழ நேர்வதும் இயல்பே. அத்துணையை வழங்கும் பொறுப்பு நெடுங்காலமாகக் குடும்பத்தைச் சார்ந்திருந்தது. தொழில் நிமித்தமான இடப்பெயர்வு, சிறுகுடும்ப அமைப்பு, நீண்ட வாழ்நாள் ஆகிய காரணங்களால் அப்பொறுப்பின் ஒரு பகுதி இன்று உறைவிட நிறுவனங்களைச் சேர்ந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றை மாநில அரசுகள் படிப்படியாக நிறுவலாம் என அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. முதியோர் இல்லம் தேவை என்பது இவ்வாறு ஏற்கப்பட்டுவிட்டது. அது எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவே எஞ்சி நிற்கிறது.

இவ்வினாவிற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை 'பாதுகாப்பானதாக இருத்தல் வேண்டும்' என்பதாகும். பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும் மக்களும், இல்லத்தை நடத்துவோரும், அதனை ஆய்வு செய்யும் அலுவலரும் இச்சொல்லையே முதன்மைப்படுத்துகின்றனர். ஆயின், பாதுகாப்பும் நற்கவனிப்பும் ஒன்றுதானா, ஒன்று மற்றொன்றை அழிக்கவும் கூடுமா என்பன ஆராயத்தக்கன. தமிழ் மரபில் வழங்கும் காவல், ஓம்பல் என்னும் இரு கருத்தாக்கங்களின் துணைகொண்டு இவ்வறவியல் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்கள் உணர்த்தும் வேறுபாடு

'கா' என்னும் வேரினின்று காப்பு, காவல், காப்பகம் முதலிய சொற்கள் பிறந்துள்ளன. இவை தீங்கினின்று காத்தலைக் குறிப்பன. எனினும், 'காவல்' என்னும் சொல் காத்தலோடு தடுத்தலையும் குறிக்கிறது. காவலில் வைக்கப்பட்டவர் பாதுகாக்கப்பட்டவராகவும் இருக்கலாம், சிறைப்பட்டவராகவும் இருக்கலாம். தொல்காப்பிய உரியியல் 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குத் தரும் பொருள்களுள் காப்பும் உண்டு, அச்சமும் உண்டு. காப்பு வலுக்குந்தோறும் அச்சமும் உடன்வரக்கூடும் என்பதை இச்சொல்வழக்கு நினைவூட்டுகிறது எனலாம்.

'ஓம்பு' என்னும் வினையின் இயல்பு வேறு. அதற்குப் பேணுதல் என்னும் பொருளும், தவிர்த்தல் என்னும் பொருளும் சங்க இலக்கியங்களில் உள. நற்றிணையின் 10ஆம் பாடல் இதற்குத் தக்க சான்றாகும். உடன்போக்கில் தலைவியைத் தலைவனிடம் ஒப்படைக்கும் தோழி, தலைவியின் இளமை தளர்ந்து கூந்தல் நரைத்த காலத்தும் அவளைக் கைவிடலாகாது என வேண்டுகிறாள். கைவிடுதலைத் தவிர்க என்னும் பொருளிலேயே ஆண்டு 'ஓம்பு' என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. இவ்வாறு ஒருவரை மற்றொருவரிடம் ஒப்படைத்துப் பேணுமாறு கூறுதலை ஓம்படை என்பது மரபு. ஒப்படைப்பின் உறுதி இளமைக்கு அன்று, முதுமைக்கே வேண்டப்படுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஓம்புதலின் இவ்விரு பொருளையும் இணைத்து நோக்கினால் ஓர் அறக்கருத்து தெளிவாகிறது. ஒருவரை ஓம்புவது என்பது அவருக்கு வேண்டியவற்றைச் செய்வது மட்டுமன்று; செய்யத் தகாதவற்றைச் செய்யாது விடுவதும் ஆகும். அவர் தாமே செய்யக்கூடியதைப் பிடுங்கிக்கொள்ளாதிருத்தலும் ஓம்பலின் பாற்பட்டதே. காவல் பிறரைக் கட்டுப்படுத்துகிறது. ஓம்பல் தன்னையும் கட்டுப்படுத்திக்கொள்கிறது.

ஏர்வாடி உணர்த்திய உண்மை

காவல் தன் நோக்கத்திற்கே முரணாக மாறக்கூடும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் துயரமான சான்று ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பியோட இயலாத நிலையில் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

ஏர்வாடியில் இருந்தது முதியோர் இல்லம் அன்று. ஆயினும், தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாதோரைக் குடும்பத்தார் பிறரிடம் ஒப்படைத்தல் என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொதுவானது. அங்குச் சங்கிலி எதற்காக இடப்பட்டது? பிணைக்கப்பட்டவர் ஓடிப்போகாமலும், தமக்கோ பிறர்க்கோ ஊறு செய்யாமலும் இருப்பதற்கு என்பதே அத்தகைய இடங்களில் கூறப்பட்ட விடை. அதாவது, பாதுகாப்பின் பெயராலேயே சங்கிலி இடப்பட்டது. தீ வந்தபோது அச்சங்கிலியே கொன்றது. தீயைத் தனித்த விபத்தாகவும் சங்கிலியைப் பாதுகாப்பு ஏற்பாடாகவும் பிரித்துக் காண்பது பிழை. நாள்தோறும் நிகழ்ந்த கட்டுதலின் கொடுமை ஒரு நாள் தீயின் ஒளியில் வெளிப்பட்டது என்பதே பொருந்தும். தீப்பற்றாமல் போயிருந்தாலும் அக்கட்டுதல் அறமாகியிராது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலை 95ஆம் பிரிவில் தடைசெய்கிறது. உடற்கட்டுப்பாடு பற்றிய 97ஆம் பிரிவு மேலும் நுட்பமானது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே கட்டுப்பாட்டை அது இசைகிறது. தண்டனையாகக் கட்டுதலை விலக்குகிறது. பணியாளர் பற்றாக்குறை என்னும் ஒரே காரணத்திற்காகக் கட்டுதல் கூடாது எனவும் விதிக்கிறது. அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட முதியோர் செவிலிய இல்லச் சீர்திருத்தச் சட்டமும், ஒழுங்குபடுத்துதற்கோ பணியாளர் வசதிக்கோ உடலைக் கட்டுதலையும் மருந்தால் அடக்குதலையும் விலக்கியது. இரு சட்டங்களும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன: கட்டுதலுக்குக் கூறப்படும் காரணம் வேறு, உள்ளே இருக்கும் காரணம் வேறாகலாம்.

யாருடைய பாதுகாப்பு?

சங்கிலி சட்டத்தால் விலக்கப்பட்டது. எனினும், சங்கிலியின் பணியைச் செய்யும் மென்மையான கருவிகள் பல உள. கட்டிலின் இருபுறமும் ஏற்றிவைக்கும் தடுப்புக் கம்பி, எழ முடியாதவாறு முன்புறம் பலகை பூட்டிய நாற்காலி, மாலை மயங்குமுன்னே தரப்படும் உறக்க மாத்திரை, கழிவறைக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்க்க அணிவிக்கும் உறிஞ்சு ஆடை ஆகியன அவற்றுட் சில. இவை ஒவ்வொன்றும் சிலருக்குச் சில வேளைகளில் உண்மையாகவே தேவைப்படும். எல்லாருக்கும் எப்போதும் பயன்படுத்தப்படும்போது அவை மருத்துவம் அல்லாமல் காவல் ஆகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். எண்பது வயதுடைய மூதாட்டி ஒருவர் நாள்தோறும் காலையில் முற்றம் வரை நடந்து சென்று துளசிக்கு நீர் வார்க்கும் வழக்கமுடையவர். ஒருநாள் கால் இடறி விழுந்தார்; பெருங்காயம் இல்லை. மறுநாள் முதல் அவர் தனித்து எழலாகாது என இல்லத்தார் விதிக்கின்றனர். உடன் நடக்க ஆள் இல்லை. ஆகவே கட்டிலிலேயே இருத்தப்படுகிறார். அதன்பின் அவர் விழவில்லை. இல்லத்தின் பதிவேடு அவரைப் பாதுகாப்பாக இருப்பவர் எனக் காட்டும். ஆனால், நடவாத காலின் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, படுக்கைப் புண்ணும் நுரையீரல் தொற்றும் வருவதற்கு வாய்ப்பு மிகுகிறது. பின்னொரு நாள் எழ நேர்ந்தால் முன்னைவிட எளிதில் விழுவார். விழுதலைத் தடுக்கச் செய்த ஏற்பாடே விழுதலுக்குக் காரணமாகிறது.

இங்கு நிகழ்ந்தது யாது? விழுதல் ஒரு நிகழ்ச்சி. அதற்கு நாளும் நேரமும் உண்டு. அதற்கு விடைகூற வேண்டியவரும் உண்டு. தசை மெலிதல் நிகழ்ச்சியாகக் கருதப்படுவதில்லை. முதுமையின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. துளசிக்கு நீர் வார்க்கும் காலைப்பொழுது இல்லாமற் போனதற்கோ பதிவேட்டில் இடமே இல்லை. ஆகவே, பதிவாகும் தீங்கைத் தடுக்க, பதிவாகாத தீங்கு விலையாகக் கொடுக்கப்படுகிறது. பழி இல்லத்தை விட்டு நீங்குகிறது. இடர் மூதாட்டியின் உடலுக்குள் இடம் மாறுகிறது. இதனால் காக்கப்பட்டது நிறுவனமே எனலாம்.

எர்விங் காஃப்மன் 1961இல் வெளியிட்ட ஆய்வில் 'முற்றுநிறுவனம்' என்னும் கருத்தாக்கத்தை விளக்கினார். உறக்கம், உழைப்பு, ஓய்வு ஆகியன ஒரே கூரையின்கீழ், ஒரே அதிகாரத்தின்கீழ், எல்லார்க்கும் பொதுவான கால அட்டவணைப்படி நிகழும் இடம் அது. சிறைக்கும் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்திற்கும் நோக்கம் வெவ்வேறாயினும் அமைப்பில் ஒப்புமை தோன்றுதற்கு இதுவே காரணம். அட்டவணை கொடியவரால் ஆக்கப்படுவதில்லை. பலரைச் சிலர் கவனிக்க நேரும்போது அது தானே உருவாகிறது. எனவேதான், நல்லோர் நடத்தும் இல்லத்திலும் இவ்வினா எழுகிறது.

சார்பும் உரிமையும்

ஒருவருடைய சொந்த நன்மையைக் காரணம் காட்டி அவரை வற்புறுத்துதல் கூடாது என ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரம் பற்றிய தம் நூலில் வாதிட்டார். ஆயினும், அக்கொள்கையிலிருந்து சிறாரையும் பிறர் கவனிப்பு தேவைப்படுவோரையும் அவர் விலக்கிவைத்தார். அத்தகையோரைப் பிறரிடமிருந்து மட்டுமன்றி அவர்தம் செயல்களிலிருந்தும் காத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. முதியோர் இல்லம் இவ்விதிவிலக்கின் நிழலிலேயே இயங்குகிறது.

இவ்விதிவிலக்கு ஆராய்தற்குரியது. 'கவனிப்பு தேவைப்படுபவர்' என்பது முழுமையான ஒரு வகையினம் அன்று. குளிப்பதற்குத் துணை வேண்டியவர் தம் சேமிப்பைக் கணக்கிட வல்லவராக இருக்கலாம். நேற்று உண்டதை மறந்தவர் இன்று எதை உண்ண விரும்புகிறார் என்பதைத் தெளிவாகக் கூறலாம். சார்பு உறுப்பளவிலும் செயலளவிலும் அமைவது. உரிமையிழப்பு ஆளளவில் நிகழ்த்தப்படுகிறது. ஒரு செயலில் துணை தேவைப்படுவதைக் காரணமாக்கி எல்லாச் செயலிலும் குரலைப் பறித்தல் அறமாகாது. முதியோர்க்கான நெறிகளை ஐக்கிய நாடுகள் அவை 1991இல் ஏற்றபோது கவனிப்பை மட்டும் கூறாமல் தற்சார்பு, பங்கேற்பு, தன்னிறைவு, மாண்பு ஆகியவற்றையும் உடன் வைத்தமை இதனாலேயே எனலாம்.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடல் முதுமையின் அகத்தைக் காட்டுகிறது. ஆழமான நீர்நிலையில் மரக்கிளையினின்று குதித்து அடிமணலை எடுத்துக்காட்டிய இளமையை, கோலூன்றி இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமை நினைந்து இரங்குகிறது. அப்பாடலில் பேசுபவர் ஒருவரே. இடரை விரும்பி ஏற்று மகிழ்ந்தவரும் அவரே. கோலைப் பற்றி நிற்பவரும் அவரே. கோலை மட்டும் காண்பவர் அவரைக் கண்டவர் ஆகார். சிறிது இடரேனும் இல்லாத வாழ்வை எவரும் இளமையில் விரும்பியதில்லை. முதுமையில் மட்டும் அதனை அவர்மீது சுமத்துதற்கு நியாயம் கூறுதல் அரிது.

மறுப்பும் அதன் வலிமையும்

இவ்வாதத்திற்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. விருப்பத்திற்கு விடுதல் என்னும் பெயரால் புறக்கணிப்பு நுழையக்கூடும். 'அவரே குளிக்க விரும்பவில்லை', 'அவரே உணவை மறுத்தார்' எனக் கூறிக் கடமையினின்று நழுவுதல் எளிது. மறதிநோய் முற்றியவர் நள்ளிரவில் தெருவிற்குச் செல்ல முயலும்போது அதனைத் தன்னுரிமை எனக் கொண்டு கதவைத் திறந்துவிடுதல் அறியாமை. இடுப்பெலும்பு முறிவு முதுமையில் உயிருக்கே இறுதியாக முடிதல் உண்டு. ஆதலின், பெற்றோரின் பாதுகாப்பு குறித்துப் பிள்ளைகள் கொள்ளும் அச்சம் இகழத்தக்கது அன்று.

இம்மறுப்பை ஏற்கவே வேண்டும். எனினும் அது காவலுக்கு வரம்பற்ற ஒப்புதல் ஆகாது. கட்டுப்பாடு தேவைப்படும் இடத்தில் நான்கு வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். முதலாவது, இதனால் குறையும் இடர் உறைபவருடையதா, நிறுவனத்தினுடையதா? இரண்டாவது, இதனினும் குறைந்த கட்டுப்பாட்டில் அதே பயனைப் பெற இயலாதா? மூன்றாவது, உறைபவரிடம் அவர்க்கு விளங்கும் முறையில் கேட்கப்பட்டதா? நான்காவது, இக்கட்டுப்பாடு மீண்டும் எப்போது ஆய்ந்து நீக்கப்படும்? நள்ளிரவில் வாயிற்கதவைப் பூட்டுதல் இவ்வினாக்களுக்கு விடைகூற வல்லது. பகலில் முற்றத்திற்குச் செல்லும் கதவையும் பூட்டுதல் விடைகூற வல்லது அன்று. மேற்கூறிய மூதாட்டிக்கு வேண்டியவை கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, காலையில் பத்து நிமிடம் உடன் நடக்கும் ஒருவர் ஆகியனவே. புறக்கணிப்பு, காவல் இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், அந்தப் பத்து நிமிடத்தை வழங்க மறுப்பதில் ஒன்றுபடுகின்றன.

உழைச்செல்வான்

அப்பத்து நிமிடத்தை வழங்குபவர் யார்? திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து செயற்படும் உழைச்செல்வான். சரக சம்கிதையும் இந்நால்வகைப் பகுப்பைக் கூறுகிறது. கவனிப்பாளரை மருத்துவத்திற்குப் புறம்பான ஏவலராகக் கருதாமல் அதன் கால்பங்காக வைத்தமை இவ்விரு மரபுகளின் சிறப்பாகும். பரிமேலழகர் இக்குறளுக்கு எழுதிய உரையில், உழைச்செல்வானுக்கு வேண்டிய இயல்புகளாக நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கையும் சுட்டுகிறார். அன்பும் அறிவும் ஒருங்கே வேண்டப்படுதல் நோக்கத்தக்கது. அன்பு மட்டும் உடையவர் படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறியைத் தவறவிடுவார்; அறிவு மட்டும் உடையவர் புண்ணைக் கண்டு மனிதரைத் தவறவிடுவார்.

இன்றைய இல்லங்களில் உழைச்செல்வானின் நிலை இக்கருத்திற்கு நெடுந்தொலைவில் உள்ளது. பயிற்சி குன்றிய, குறைந்த ஊதியம் பெறும் பெண்களே பெரும்பாலும் இப்பணியைச் செய்கின்றனர். இரவில் ஒருவரே பலரைக் கவனிக்க நேரும்போது தடுப்புக் கம்பியை ஏற்றிவிடுதல் அவருக்குக் கொடுமையாகத் தோன்றாது. ஒரே வழியாகத் தோன்றும். அவரைக் குற்றவாளியாக்குவதால் தீர்வு பிறவாது. அவருடைய உறக்கம், ஊதியம், பயிற்சி, அவர் தயங்காமல் குறை கூறுதற்குரிய சூழல் ஆகியனவும் உறைபவரின் பாதுகாப்பிற்கு உறுப்புகளே. ஓம்புவாரை ஓம்பாத இல்லத்தில் ஓம்பல் நிகழாது.

முகமும் மொழியும்

கவனிப்பின் தரம் பொருள்களால் மட்டும் அளக்கப்படுவது அன்று. முகர்ந்தவுடன் வாடும் அனிச்ச மலரைக் காட்டிலும் விருந்தினர் நுண்மையானவர். முகம் வேறுபட்டு நோக்கினாலே அவர் வாடிவிடுவார் என்பது வள்ளுவர் கருத்து. இது விருந்தினர்க்கே பொருந்துமாயின், பிறர் கையால் உண்டு, பிறர் கையால் தூய்மை செய்யப்பட்டு வாழ்பவருக்கு எத்துணை மிகுதியாகப் பொருந்தும்! விருந்தினர் மறுநாள் செல்லலாம். இல்லத்தில் உறைபவருக்குச் செல்ல வேறிடம் இல்லை.

மொழியும் இதன்பாற்படும். தொழில் நிமித்தம் வேற்று மாநிலம் சென்று வாழும் தமிழர் பலர் முதுமையில் ஆண்டே இல்லங்களைச் சேர்கின்றனர். தமிழகத்து இல்லங்களில் பிறமொழி பேசுவோரும் உளர். மறதிநோயுற்றோர் பின்னர்க் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கு மீளுதல் உண்டு. வலி எவ்விடத்தது, அது குத்துவதா, எரிவதா, இழுப்பதா என்பதைக் கேட்பார்க்கு விளங்கக் கூற இயலாதவர் அமைதியற்றுக் கூச்சலிடுவார். மொழி விளங்காத பணியாளர் அதனை நோயின் குணம் எனக் கருதலாம், மாத்திரை தரப்படும், கூச்சல் அடங்கும், வலி அடங்காது. ஆகவே, உறைபவரின் மொழியில் சில சொற்களையேனும் கற்றல் பணியாளர்க்குரிய பாதுகாப்புப் பயிற்சியின் ஒரு பகுதியாதல் தகும்.

ஒப்படைத்தோர் கடமை

ஓம்படை செய்தலோடு ஒப்படைத்தவரின் பொறுப்பு முடிவதில்லை. கட்டணம் செலுத்துதல் பொறுப்பின் ஒரு பகுதி மட்டுமே. குறிக்கப்படாத வேளையில் வந்து காண்பவர் உள்ள இல்லத்தில் தீங்கு எளிதில் வேர்கொள்வதில்லை. பீகார் மாநிலம் முசாபர்பூரில் சிறுமியர் காப்பகம் ஒன்றில் நிகழ்ந்த கொடுமைகள் 2018இல் வெளிவந்தன. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கையே அதற்கு வழிகோலியது. உறைவோரின் சொல்லைச் செவிமடுக்காத எந்த ஆய்வும் நிறைவுடையது ஆகாது என்பது அந்நிகழ்வு தரும் பாடம். முதியோர் இல்லங்களுக்கும் இது பொருந்தும். பதிவேடு இல்லத்தாரின் சொல். உறைபவரின் சொல் தனியே, அச்சமின்றிக் கேட்கப்படல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பாதுகாப்பு நற்கவனிப்பின் இன்றியமையாத உறுப்பு. ஆனால் அதன் முழுமை அன்று. பாதுகாப்பு உறைபவரின் வாழ்வுக்காக அமையும்போது அது ஓம்பல் ஆகிறது. நிறுவனம் பழிக்கு அஞ்சி அமைக்கும்போது காவல் ஆகிறது. இரண்டிற்கும் கருவிகள் ஒன்றாகவே இருத்தல் கூடும். கேட்கப்படும் வினாக்களே வேறுபாட்டைக் காட்டும். காவலும் புறக்கணிப்பும் ஆள் பற்றாக்குறையில் வேர்கொண்டவை ஆதலின், உழைச்செல்வானின் நிலை உயராமல் உறைபவரின் நிலை உயர்தல் அரிது.

அடைத்துக் காப்பதனினும் ஒருவர் தம் உறுதியால் தம்மைக் காத்துக்கொள்ளும் காப்பே தலைசிறந்தது என வாழ்க்கைத் துணைநலத்தில் வள்ளுவர் மகளிர்க்குக் கூறினார். அவ்வேறுபாடு முதியோர்க்கும் பொருந்துவதே. எஞ்சியுள்ள தன்னாற்றலை ஒருவர் இறுதி வரை பயன்படுத்தத் துணைநிற்பதே அவருக்குச் செய்யத்தக்க சிறந்த காப்பு. ஓர் இல்லம் நல்லதா என அறிய விரும்புவோர், அங்கு ஓராண்டில் எத்தனை பேர் விழுந்தனர் எனக் கேட்பதோடு எத்தனை பேர் நாள்தோறும் முற்றம் வரை நடந்தனர் எனவும் கேட்டல் வேண்டும்.